ரமாபாயின் கட்டுரையைப் படித்தவர்கள் நாங்கள்

அனுப்புநர்:
பூமாரி,
செயலாளர், இறால் பிடிக்கும் பெண்கள் சங்கம்,
எண்ணூர், சென்னை.

பெறுநர்:
துணைவேந்தர் அவர்கள்,
கீழைக்கடல் அறிவியல் பல்கலைக்கழகம், சென்னை.

பொருள்: ஆராய்ச்சி மாணவி ரமாபாய் இணைய இதழில் வெளியிட்ட கட்டுரைக்கான கட்டணத்தை அவரிடமே வசூலிக்கும் உத்தரவை ரத்து செய்து, நிறுத்திவைத்த முனைவர் பட்டத்தை வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பல்கலைக்கழகத்தை எங்கள் குப்பமே இன்று வாயார வாழ்த்துகிறது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லவும், அதைக் கெடுக்க வந்த ஓர் உத்தரவைப் பற்றி முறையிடவும் இதை எழுதுகிறேன்.

1. வியாசர்பாடியைச் சேர்ந்த ரமாபாய், நாங்கள் இறால் பிடிக்கும் ஆற்றில் தொழிற்சாலைக் குழாய் உடைந்து சாம்பல் கலப்பதை ஆராய்ந்தவர். எங்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். எங்களைப் போலவே அவர் கையும் புண்ணானது.

2. எழுதியவர் தரப்பு பணம் கட்டினால் உலகத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்ற வகை இணைய இதழில் அவர் கட்டுரை வந்தது. பணத்தைப் பல்கலைக்கழகத்தில் அவருடைய துறை கட்டியது. இதைக் கேட்டதும் நானே, "இன்னாம்மா, சந்தை முடிஞ்சப்புறம் சும்மா குடுக்கறது கெட்டுப்போன மீனுதானே?" என்றேன். அவர் சிரித்தார். தங்கள் செலவுக் கண்காணிப்புக் குழுவும் அதையே நினைத்துவிட்டது போலும். வாசகர் காசு கட்டும் இதழில் செலவில்லாமல் வெளியிட்டிருக்கலாமாம். இதை யார் படித்தார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லையாம். அதனால் தொகையை மாணவியே கட்டும்வரை பட்டம் கிடையாதாம்.

3. யார் படித்தார்கள் என்று நான் சொல்கிறேன் ஐயா. திருவொற்றியூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தவ்ஃபீக் அதை அச்செடுத்துத் தந்தார். ரமாபாய் வரிவரியாகத் தமிழில் சொல்ல, சங்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். இதே ஆற்றைப் பற்றி வேறொரு பேராசிரியரும் முன்பு எழுதியிருக்கிறார். அதைத் திறக்க அந்த இதழின் இணையதளம் டாலரில் காசு கேட்டது. அதோடு விட்டுவிட்டோம்.

4. சென்ற மாதம் கோட்டாட்சியர் விசாரணையில், தொழிற்சாலை வக்கீல் எங்கள் பிரதியைத் தூக்கிக் காட்டி, இது யார் வேண்டுமானாலும் டைப் அடிக்கக்கூடிய காகிதம் என்றார். நான் கோட்டாட்சியர் பக்கம் திரும்பினேன். "சார், உங்க மேஜை மேல கீற கம்ப்யூட்டர்லயே பாருங்க" என்றேன். பார்த்தார். ஒரு பைசா கேட்காமல் முழுக் கட்டுரையும் திறந்தது. படங்கள், அளவுகள், எங்கள் ஆற்றின் பெயர், எல்லாம். குழாயை மாற்ற அன்றே உத்தரவு. மாற்றியும் ஆயிற்று. ஜெயித்துவிட்டோம் ஐயா! சாம்பல் இறால் என்று முகத்தைச் சுளித்த காசிமேட்டு மீன் வியாபாரிகள் இப்போது எங்கள் இறாலை விலை பேசி வாங்குகிறார்கள்.

5. செலவைக் கண்காணிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பொதுப்பணம், கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை பேராசிரியர்கள் மேற்கோள் காட்டினார்கள் என்று மட்டும் பார்த்தால் நாங்கள் கண்ணிலேயே பட மாட்டோம். குழு சொன்ன இதழில் வந்திருந்தால் தங்களுக்குச் செலவு மிச்சம். எங்களுக்குப் பிழைப்பு போயிருக்கும்.

ஆகவே அந்த உத்தரவை ரத்து செய்து, வரும் பட்டமளிப்பு விழாவிலேயே ரமாபாய்க்குப் பட்டம் வழங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். சங்கத்துப் பெண்கள் எல்லோரும் அன்றைக்கு வர வேன் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டோம். பட்டம் உண்டென்றால் அரங்கத்தில் எங்களுக்கு இடம் ஒதுக்கித் தாருங்கள். இல்லையென்றால் வேன் நேராகத் தங்கள் அலுவலக வாசலுக்கு வரும்.

இடம்: எண்ணூர்
நாள்: 12.11.2007

சங்கத்தினர் அனைவருக்காகவும்,
(கையொப்பம்)
பூமாரி