ஒன்பது புள்ளி

அன்னத்தாய்,

சேலைகளை எடுக்க இன்று மத்தியானம் வருவாய் என்று உன் தம்பி சொன்னான். என் முகத்தில் விழிக்க உனக்குப் பிடிக்காது என்று நான் முன்னாலேயே கடைக்குக் கிளம்புகிறேன். பீரோ சாவி அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. பால் காய்ச்சி வைத்திருக்கிறேன், காப்பி போட்டுக் குடி.

போன மாதம் என் ரத்தத்தில் சர்க்கரை 162, இந்த மாதம் 171. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தானே, "ஒன்பது புள்ளி ஏறியிருக்கே, எங்கன போயி இனிப்புத் தின்னீக?" என்று கேட்டாய்? இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்தேன். நீ நம்பாமல் வடுகபட்டிக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாய்.

நேற்று ரத்தம் சோதிக்கும் செல்வமணியிடம் போனேன். மறுபடியும் ரத்தம் எடுத்து, அந்த ஒரே குழாய் ரத்தத்தை இரண்டு தடவை சோதித்துக் காட்டினார். முதலில் 166, அடுத்து 172.

"அண்ணே, ஒன்பதை வச்சு ஏறுச்சு எறங்குச்சுன்னு சொல்ல முடியாது. முப்பது நாப்பது கூடுனாத்தான் யோசிக்கணும்" என்றார்.

உன்னிடம் காட்டி ஜெயிக்கலாம் என்று வேகமாக வந்தேன். கதவைத் திறந்த பிறகுதான் நீ இல்லாதது உறைத்தது. பன்னிரண்டு நாளாக இந்த வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசுகிறது.

ரிப்போர்ட் எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் நான் தின்றது நிஜம். வீரபாண்டித் திருவிழாவில் ஒரு பொட்டலம் சீரணி மிட்டாய். செய்தது பொய்ச் சத்தியம்.

அய்யாத்துரை

வடுகபட்டிக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. நான் ஐந்துக்கே வந்துவிடுவேன்.