ஐஸ் பிளான்ட் வாசலில் கேட்ட குரல்

என் செல்ல செல்விக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. நம்ம வெள்ளானூர் வீட்டு மாடிக்கு ஷீட் போட்டாச்சு. அம்மா முட்டி வலியோடு நடமாடிக்கினு கீது. ஆனால் இந்தக் கடிதம் அதையெல்லாம் சொல்ல இல்லை. ராமேஸ்வரம் தீவில் நடந்ததை உன்கிட்ட சொல்லாமல் வேறு யார்கிட்ட சொல்வேன்?

அங்கே ஒரு சின்ன மீனவ கிராமம். ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரசர் நின்றுபோனது என்று அம்பத்தூர் கம்பெனியிலிருந்து என்னை அனுப்பினார்கள். மணலில் கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள், ஓலைக் கொட்டகைகள், சிலுவை நட்ட ஒரு குருசடி. காற்று கொஞ்சம்கூட இல்லை. அலையே இல்லாமல் கடல் சும்மா கிடந்தது. "இப்படிக் கெடக்குறது நல்லதில்ல சார்," என்றான் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணி.

மெஷினுக்கு அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நீ பேசினாய்.

நிஜமாத்தான் அக்கா. கடைசி வார்த்தையை மூக்கால் இழுக்கிற அந்த இழுப்பு, சிரிப்பதற்கு முன்னால் வருகிற அந்தச் சின்ன இருமல். வெளியே ஓடி வந்தால், மீன் கூடையோடு ஒரு பெண் நிற்கிறாள். உன்னைவிடக் குள்ளம். முகத்தில் உன் சாயல் துளியும் இல்லை. அந்தோணியின் மனைவி ரீட்டா.

"என்னண்ணே, இப்படி வெறிச்சுப் பாக்குறீக?"

பேச்சு அந்த ஊர்ப் பேச்சு. குரல் மட்டும் உன்னுடையது. விஷயத்தைச் சொன்னதும் ரீட்டா சிரித்தாள். அந்தோணி சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் பண்ணிச்சு. ரீட்டா புருஷனிடம் ஏதோ சொன்னது அதன் காதில் விழுந்துவிட்டது. பேச்சை அப்படியே நிறுத்தி, "டேய், யார்றா அங்க? செல்வியா பேசுறா?" என்றது.

அம்மா கேட்டதை ரீட்டாவிடம் சொன்னேன். ரீட்டாவே கையை நீட்டினாள். "பாவம், ஒரு வார்த்த பேசிட்டுத் தாறேன்." போனை வாங்கிக் காதில் வைத்தாள். பிறகு, "அம்மா, துன்னியா? இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள்.

நம்ம ஊர்ப் பேச்சை சினிமாவில் கேட்டுப் பழகியிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பேசிக்கொண்டே அவள் தண்ணீர் ஓரம்வரை போனாள். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. திரும்பி வந்து போனைக் கொடுக்கும்போது முகமெல்லாம் வியர்வை.

"நான் என்னண்ணே பேசுனேன்? ஒண்ணுமே ஞாவகம் இல்லையே."

வேலையை முடித்து ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னேன், அது அக்கா இல்லம்மா என்று.

"எம் பொண்ணு செத்துட்டான்னு எனக்குத் தெரியாதாடா? என் எதிர்லதான படுக்க வச்சிருந்தீங்க. ஆனா போன்ல பேசுனவ, தலை வலிக்குதும்மான்னா. பின்மண்டையில குத்துதுன்னா. நீ மொதல்ல அந்தப் பொண்ணுக்குப் போன் போடு."

பின்மண்டையில் குத்துது. நீ கடைசியாகச் சொன்னதும் அதுதானே அக்கா? மாத்திரை போட்டுக்கினு படு என்றேன் நான். விடிந்தபோது நீ எழுந்திருக்கவில்லை.

உடனே அந்தோணி நம்பரைப் போட்டேன். ரீட்டாதான் எடுத்தாள். "தலவலியா? அத நான் யாருகிட்டயும் சொல்லலியேண்ணே." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "இருக்கு. வெயிலுன்னு விட்டுட்டேன்."

அந்தோணியைக் கூப்பிட்டுக் கத்தினேன், கெஞ்சினேன். அன்றைக்கே மதுரைக்குக் கூட்டிப்போனான். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வீங்கி வெடிக்கிற நிலைமையில் இருந்ததாம். ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்துவிட்டார்கள்.

நேற்று ஒரு போன். "அண்ணே, நல்லா இருக்கேன்." யாரும்மா நீ என்று கேட்டேன். நிஜமாகவே தெரியவில்லை. கனத்த, கரகரத்த குரல்.

"ரீட்டாண்ணே. தொண்டையில டியூப் வச்சதுல கொரலு மாறிப்போச்சுன்னு நர்சம்மா சொல்லுது. ஆனா எங்க வீட்டுக்காரவுக, இதுதான் ஒன் பழைய கொரலு, நடுவுல கொஞ்ச நாளுதான் வேற மாதிரி இருந்துச்சுங்குறாக."

போனை அம்மாவிடம் கொடுத்தேன். அந்தக் குரலைக் கேட்டது. "நல்லாரு கண்ணு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தது. அப்புறம் என்னிடம், "இது வேற யாரோடா," என்றது. அப்போதுதான் நான் அழுதேன். நீ செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

அவளுக்காகத்தான் வந்தாயா? இல்லை, எங்களைத் தேடி வந்த வழியில் அவளைப் பார்த்தாயா? இப்போ எங்கே கீறே?

ஒன்று மட்டும் சத்தியம் அக்கா. யார் வந்து தலை வலிக்குது என்றாலும், படுத்துக்கோ என்று இனிமேல் என் வாயில் வராது. சட்டையை மாட்டிக்கினு கூடவே கிளம்பிடுவேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
பாபு