திரும்பி வராத இரண்டு லட்சம்

குன்னூர்
19.8.2001

அன்பு மகன் வசந்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் விடாத சளியைத் தவிர ஒரு குறையும் இல்லை, அங்கே மஸ்கட்டில் உனக்கு வெயிலைத் தவிர ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். போன கடிதத்தில் ஐஸ்கிரீம் கடை வைக்க இரண்டு லட்சம் அனுப்பு என்று கேட்டிருந்தேனே, நீ இன்னும் பேங்குக்குப் போகாமல் இருந்தால் போகாதே, போய்க்கொண்டிருந்தால் திரும்பிவிடு. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் படி.

தேயிலை சங்கதி உனக்குத் தெரிந்ததுதான். பச்சை இலை கிலோ நாலு ரூபாயில் வந்து நிற்கிறது, பறிக்கிற கூலிக்கே காணவில்லை என்று அப்பா பறிப்பதையே விட்டுவிட்டார், செடியெல்லாம் மரமாகி நிற்கிறது, உள்ளே காட்டெருமை படுத்திருந்தால்கூட நமக்குத் தெரியாது. இந்த நேரம் பார்த்து உன் சித்தப்பா பெண்டாட்டி பாலாமணி, அவர்களுக்கும் அதே தேயிலைதான், அதே நாலு ரூபாய்தான், சித்திரை சீசனுக்குச் சிம்ஸ் பார்க் ரோட்டில் கோயமுத்தூர் கம்பெனி பெயரில் ஐஸ்கிரீம் கடை திறந்துவிட்டாள். கல்யாணமாகி வந்தபோது ஈர விறகைப் பற்ற வைக்கத் தெரியாமல் அழுதவள். கம்பெனி அவளைப் பத்து நாள் கோயமுத்தூரில் உட்கார வைத்துப் பாடம் நடத்தியதாம், தலைக்குத் தொப்பி, பேர் தைத்த சட்டை. குன்னூர்க் குளிரில் இருக்கிறவளுக்கு ஐஸ் வைக்கக் கற்றுத்தரக் கீழ்நாட்டுக்காரன் வேண்டியிருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன். சிரித்துவிட்டு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மே மாதம் முழுக்க அவள் கடைக்கு எதிரே இருக்கிற மருந்துக் கடையில் போய் நின்று எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணினேன், மருந்துக் கடைக்காரர் எனக்கு என்ன நோவு என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். அதை அவரிடம் சொல்ல முடியுமா கண்ணு.

வெலிங்டன் பக்கம் பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் அங்கே இன்னொரு கடைக்கு ஆள் தேடிக் கம்பெனியில் இருந்து பொன்ராஜ் என்று ஒரு பையன் வந்தான், அவனை நான் பிடித்துக்கொண்டேன். கம்பெனி பெயரைப் போர்டில் போட ஃபிரான்சைஸ் ஃபீஸ் இரண்டு லட்சம் என்றான். நம் மார்க்கெட்டில் கடை பிடிக்க அட்வான்ஸ் கொடுத்துக் காலி பண்ணும்போது திரும்ப வாங்கிக்கொள்வோமே, அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். கம்பெனியில் பத்திரமாகக் கிடக்கும், வேண்டும்போது வாங்கி உன் கல்யாணத்தை நடத்திக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் உனக்கு எழுதினேன். போன வெள்ளிக்கிழமை அவன் பத்திரத்தைக் கொண்டுவந்தான். காப்பி கொடுத்துவிட்டு, கடையை விட்டால் எத்தனை நாளில் பணத்தைத் தருவீங்க என்று கேட்டேன். பையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"அம்மா, அது திரும்பி வராதுங்க. அஞ்சு வருசத்துக்கு எங்க பேரை வெச்சுக்கறதுக்குங்க அது. அப்பறமும் வேணும்னா மறுபடி கட்டணுங்க."

இதோடு விட்டதா. மாசாமாசம் விற்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஆறு ரூபாய் கம்பெனிக்கு, லாபத்தில் இல்லை கண்ணு, விற்ற காசில், நமக்கு நஷ்டமானாலும் அந்த ஆறு போய்விடும். டிவி விளம்பரத்துக்கு என்று இன்னொரு இரண்டு. ஐஸ்கிரீமில் இருந்து கரண்டி வரைக்கும் அவர்களிடம் அவர்கள் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஃப்ரீசர், கண்ணாடி, கடை அட்வான்ஸ் எல்லாம் இந்த இரண்டு லட்சத்துக்கு வெளியே. ஆடி மழையில் ஒரு டூரிஸ்ட்டும் வரமாட்டானே என்றேன், வியாபாரம் இல்லாவிட்டாலும் மாதம் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினான். நல்ல பையன், எதையும் மறைக்கவில்லை, கேட்டால்தான் சொல்கிறான், அவ்வளவுதான். நீ ஆறு வருஷம் வெயிலில் நின்று சேர்த்த காசு, கையெழுத்துக்கு எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

உன்னிடம் மறைப்பானேன், பேனாவை மூடிய அதே நிமிஷம் ஒரு சந்தோஷமும் வந்தது. பாலாமணியும் அட்வான்ஸ் என்று நினைத்துத்தான் கட்டியிருப்பாள், பாவம், நான்தான் போய்ப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு மழையோடு போனேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லி முடித்தேன். அவள் கப் அடுக்குவதை நிறுத்தவே இல்லை.

"அது தெரியுமுங்க அக்கா. மொத நாளே கேட்டுப்போட்டேன். போன காசுன்னுதான் கட்டுனேன்."

அந்த இரண்டு லட்சத்தை அறுபது மாதத்துக்கு வகுத்து, மாதம் மூவாயிரத்துச் சொச்சம் அந்தப் பெயருக்கு வாடகை என்று எழுதிக் கல்லாப்பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். சீசனில் வந்ததில் மழை மாதத்துக்கு என்று தனியாக எடுத்தும் வைத்திருக்கிறாள். அவளைவிட எட்டு வயது மூத்தவள் நான். கடை ஓடுகிறதே என்றுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை, அந்த ஒரு கேள்வியை அவள் முதல் நாளே கேட்டிருக்கிறாளே, அதுதான் எரிகிறது.

கடைசியில் வெட்கத்தை விட்டு, மிஞ்சுகிறதா என்று கேட்டேன். ஒரு வருஷம் முழுசாக ஓடினால்தான் தெரியும் என்றாள். அப்படியானால் அடுத்த சித்திரை வரைக்கும் நானும் வந்து நிற்கிறேன் என்றேன். "வேவு பாக்கத்தானுங்க வர்றீங்க, வாங்க, சம்பளமும் தர்றேன்" என்றாள். சம்பளம் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். திங்கட்கிழமையில் இருந்து போகிறேன். பொன்ராஜிடம் கையெழுத்துப் போடாமல் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வெலிங்டனை வேறு யாராவது பிடித்துக்கொண்டாலும் சரி. அப்பா இரண்டு நாளாக என்னைப் பார்த்தாலே ஒரு கப் வெனிலா என்கிறார்.

நேற்று தந்தி மாரியம்மன் கோயிலுக்குப் போய், பாலாமணி கடை நன்றாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள நின்றேன். அவளுக்கே நடக்கவில்லை என்றால் நமக்கு அந்த வழியும் இல்லையே. ஆனால் முழுசாக வாயில் வருவதற்குள் பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிவிட்டார்கள், பாதி வேண்டுதலோடுதான் வந்திருக்கிறேன்.

ஆத்தா உன்னை ஒரு நோவும் அண்டாமல் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, மோர் குடி. பணம் உன் கணக்கிலேயே கிடக்கட்டும், என் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அம்மா
கனகமணி