ஆறாம் பலகைக்கு அப்பால்

அண்ணை,

இந்தப் பருவத்துக்கான நடைபாதைத் துண்டுப்பிரசுரங்கள் இன்று காலை விடுதிக்கு வந்தன. கட்டை அவிழ்த்ததும் அச்சு மை மணத்தது. முன்பக்கத்தில் திராட்சைச் சரிவு, பழைய கோட்டைச் சுவர், சிரிக்கிற ஒரு தம்பதி. ‘வழிகாட்டி வேண்டாம், விரும்பிய இடம்வரை நடந்து செல்லுங்கள்’ என்று கீழே போட்டிருக்கிறது. வரவேற்பு மேசையில் அவற்றை அடுக்குவது என் வேலை. எரிச்சலோடுதான் அடுக்கினேன்.

அந்த நாட்களில் நீங்கள் பின்னால் சமையலறையில் கோப்பை கழுவினீர்கள். நான் இந்த நாட்டில் பிறந்தவன், முன் மேசையில் தொழில் பழகுபவன். திங்கட்கிழமை இருவருக்கும் ஓய்வு. இந்த ஊரில் எங்களுக்குக் கட்டுப்படியானது அந்த நடை ஒன்றுதான். வழியில் நட்டிருக்கும் ஒவ்வொரு தகவல் பலகையிலும் நின்று என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பீர்கள். கற்சுவரில் வெயில் காயும் ஓணான்களைப் பற்றி, சூட்டைப் பிடித்து வைக்கும் கறுப்புக் கல்லைப் பற்றி வாசித்துச் சொல்வேன். சரிவில் முதுகு வளைந்து குலை வெட்டுகிற போலந்துக்காரரைப் பற்றி ஏன் ஒரு பலகையும் இல்லை என்று கேட்டவரும் நீங்கள்தான்.

ஆறாம் பலகைக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால். அதற்கு அங்கால் வேறு மாவட்டம். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட உங்களிடம் இருந்தது டுல்டுங் பேப்பர். ‘பொறுத்துக்கொள்கிறோம்’ என்பதுதான் அதன் அர்த்தம். மாவட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று அதில் ஒரு வரி. ஒரு எட்டில் தாண்டக்கூடிய வாய்க்கால் அது. நீங்கள் தாண்டமாட்டீர்கள். ஏழாம் பலகையை நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

“வண்ணாத்திப்பூச்சியிட்டயும் பேப்பர் கேக்கினமோ, அண்ணை?” என்று, வாய்க்காலைத் தாண்டிப் பறந்த ஒன்றைக் காட்டி ஒருநாள் நக்கலடித்தேன்.

“நீ தாண்டலாம், தம்பி. நான் பிடிபட்டால் அக்காவைப் பிறகு பாக்கவே ஏலாது.”

மாவட்டத்துக்கு வெளியே, தூரத்து ஹம் நகரில் இருந்த உங்கள் அக்காவுக்குக் கிழமைக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. அவரால் வர முடியாது. போய்ப் பார்க்க அனுமதி கேட்டு நீங்கள் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை.

பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காலைச் சாப்பாட்டு நேரம், மேசைக்கு முன்னால் விருந்தினர் வரிசை. ஈரக்கையைத் துடைத்துவிட்டு அதை என்னிடம் நீட்டினீர்கள். முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தேன்.

“பழைய கதைதான், அண்ணை. நீட்டிச்சிருக்கினம்.”

நன்றி சொல்லிவிட்டுப் போனீர்கள். அதற்குப் பின் இரண்டு கோடைகள் அந்த வாய்க்காலோடு திரும்பினோம்.

இந்த மாசியில் சமையலறையில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உங்கள் அறையை ஒதுக்கிக் காலியாக்கும்போது அந்தக் கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தார்கள்: மாவட்டக் கட்டுப்பாடு நீக்கப்படுகிறது, நாட்டுக்குள் எங்கும் போகலாம்.

அந்த அலுவலகத்தைத் திட்டினேன். சனம் வாசிக்கக் கூடாது என்றே எழுதுகிறார்கள். உங்கள் பேப்பரில் இருந்த பழைய வரியைக்கூட ஒருவரும் வெட்டவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு அந்த மொழி தெரியும். ஓணான் பலகையை முழுதாக வாசித்தவன், உங்கள் கடிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

உங்கள் உடுப்புப் பையோடு ஹம்முக்குப் போனேன். வழியில் டிக்கெட்டைத் தவிர ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா பையைத் திறக்கவில்லை.

“கடைசிவரைக்கும் அவனை இஞ்ச வர விடேல்லையோ, தம்பி?”

“ஓம், அக்கா. விடேல்லை.”

இப்போது ஞாயிறுதோறும் எனக்குப் போன் எடுக்கிறார். அலுவலகக்காரரைச் சபிக்கிறார். அவனுக்கு நீயாவது இருந்தாய் என்கிறார். நான் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.