கங்கு கேட்டுப் போன வீடு

1951 மார்ச்சு 4, ஞாயிறு

பூசை முடிந்து கரையில் மரியஜானைப் பிடித்தேன். அடுத்த வீட்டுக்காரன். நேற்று நாய் கருவாட்டைத் தூக்கியதற்கு ஒன்பது வயசு மகள் ஞானசெல்வியைப் போட்டு அடித்தான். "ஏலே, சுறாவக் கண்டா கட்டுமரத்தைத் திருப்பிட்டு ஓடியாற. எலும்பும் தோலுமா ஒண்ணு கெடச்சா மட்டும் வீரமாக்கும்?" கரையே சிரித்தது. எனக்கும் பெருமைதான். ரெண்டாங்கிளாசுப் படிப்புக்கு இந்த வாய் போதும்.

மார்ச்சு 5

பிள்ளைக்குக் கை ஒடிஞ்சு போச்சு. துடுப்பால அடிச்சிருக்கான். "கரையில சிரிச்சாவல்லா, நீயும் சிரி"ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சானாம். நான் எறிஞ்ச வார்த்தை. பிள்ளை மேல போய் விழுந்துட்டே. அவ அம்மை இசபெல் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஏசியிருக்கலாம்லா?

மார்ச்சு 8

வைத்தியர் மூங்கில் வைத்துக் கட்டினார். இசபெல் சொன்னாள், "அவரு மட்டுமில்லக்கா. நானும் அகப்பையால சூடு வச்சிருக்கேன்." வலை பின்னுகிற ஏசுஅடிமை, தாயில்லாப் பிள்ளைகள் மூன்றை வளர்க்கிறவன், "நானும்தான்" என்றான். நான்? என் பிள்ளைகள் ரெண்டும் விளக்குமாறு தேயத் தேய வளர்ந்ததுகள். ஏதாவது கேலி எழுதலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

மார்ச்சு 11

மூணு பேரும் பேசி வைத்தோம். அடிக்கிற சத்தம் கேட்டால் தேங்காய்ச் சிரட்டையோடு அந்த வீட்டுக்குள் போய், அடுப்பு பற்றவைக்க என்று கங்கு கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது, கேலி கூடாது (எனக்கென்றே போட்ட சட்டம்). அடிக்கத் தன் கை பரபரத்தால் பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு நடந்து போய்விட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

ஏப்ரல் 2

ஆறு வீடு சேர்ந்தாச்சு. ஏசுஅடிமை நேற்று மூணையும் என் வாசலில் தள்ளிவிட்டு ஓடினான். "கஞ்சியும் கொண்டாந்திருக்கலாமே"ன்னு கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை!

ஏப்ரல் 19

மரியஜான் குடிச்சிட்டு வந்து பிள்ளை முடியைப் பிடிச்சுச் சுவத்துல மோதுறான். சிரட்டையோட உள்ள போனேன். "கொஞ்சம் கங்கு தா, மக்கா." துடுப்பு என் நெத்தியில விழுந்தது. கண்ணெல்லாம் ரத்தம். பின்னால ஏசுஅடிமை, "எனக்கும் கங்கு வேணும்." அவன் பின்னால மத்தவங்க, ஆளுக்கொரு சிரட்டை. மரியஜான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தான். அடுப்பு மூட்டவே இல்ல. "கங்கு இல்ல"ன்னான். துடுப்பைப் போட்டுட்டு அப்படியே உக்காந்துட்டான்.

ஏப்ரல் 26

அந்த வீட்டில் சத்தமே இல்லை. அதுவும் பயமாத்தான் இருக்கு.

மே 27, ஞாயிறு

மத்தியானம் மரியஜான் வந்தான். புது வலையை ஞானசெல்வி அடுப்புப் பக்கம் போட்டு, பாதி எரிந்துவிட்டதாம். ரெண்டு கையையும் கக்கத்துக்குள் இறுக்கி வைத்திருந்தான். பிள்ளை எட்டத்தில் முன்னால் நடந்து வந்தாள். "அக்கா, இவ இங்க நிக்கட்டு." கடற்கரை நெடுக நடந்தே போனான்.

"அப்பா வந்தா நான் போணுமா?" என்று கேட்டாள்.

"உனக்குத் தோணும்போ போ."

அந்தியில் வந்து வாசலில் நின்றான். பிள்ளை அவனைப் பார்த்தாள், உள்ளே போய்ப் பாயில் படுத்துக்கொண்டாள். அவன் கூப்பிடவில்லை.

"நாளைக்கு வாறேன், அக்கா."