ஏப்ரல் பக்கத்தில் ரயில் நிலைய முத்திரை

ஓட்சு,
டிசம்பர் 2

அன்பு மகள் சிகுசாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், பெர்கன் குளிரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஏரிக்காற்று ஆரம்பித்துவிட்டது, அம்மா காக்கிப் பழங்களைத் தோல் சீவி வற்றலுக்காகப் பால்கனி முழுக்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், என் வேலைச் சட்டை காய இடமில்லை. உன் குடியிருப்பு லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு உலுக்கு உலுக்கி நிற்கிறது என்று எழுதியிருந்தாய், அது பிரேக் தேய்மானம், இருபது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன் சொல்கிறேன், அவர்கள் சரிசெய்யும் வரை படியில் ஏறு, காலுக்கும் நல்லது. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது, நேராகச் சொல்லிவிடுகிறேன். பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன். அதைச் சொல்ல இவ்வளவு அவசரமாகப் பேனா எடுத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன ஜனவரியில் விமான நிலையத்தில் நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. நீயும் அம்மாவும் மாதம் ஒரு கோயிலாகப் போய்ப் பூப் பார்த்து, குருக்கள் தூரிகையால் எழுதிக் குத்தித் தரும் முத்திரையை வாங்கிக்கொண்டிருந்த ஏட்டில் சரியாகப் பன்னிரண்டு பக்கம் மிச்சம் இருந்தது, அதை என் கையில் கொடுத்து, "அப்பா, உங்களால ஒரு பூ முன்னாடி மூணு நிமிஷம் நிக்க முடியாது. ஜனவரியிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பன்னிரண்டு பக்கத்தையும் கோயில் முத்திரையால நிரப்பிக் காட்டுங்க, புது வருஷத்துக்கு நான் வீட்டுக்கு வரேன். ஒரு பக்கம் குறைஞ்சாலும் அங்கேயே இருந்துக்கறேன்" என்று சிரித்தாய். அம்மா சிரிக்கவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது, "அவ விளையாட்டா சொல்லலீங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே காலண்டரில் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பில் வட்டமிட்டேன்.

ஜனவரியும் பிப்ரவரியும் எனக்குத் தண்டனைதான், ஒளிக்கவில்லை. ப்ளம் மரத்தடியில் அம்மா வாசனை பிடித்துக்கொண்டிருக்க நான் மண்டபத்துத் தூணில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச்சில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. பிப்ரவரி ஒன்றிலிருந்து ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே வந்தால் அறுநூறு டிகிரியைத் தொடும்போது சகுரா மொட்டு அவிழும் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அதைத் தினமும் போட்டேன். ஒரே ஒரு நாள்தான் பிசகியது சிகுசா, ஒரே ஒரு நாள்! பூ என்பது நேரத்துக்கு வந்து நிற்கிற இயந்திரம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் ஏன் இத்தனை வருடம் வீட்டில் உட்கார்ந்திருக்கப்போகிறேன்.

ஏப்ரல் நான்காம் தேதி முழுப் பூ என்று கணக்குப் போட்டு, கிளைப்பாதை ரயிலில் ஏறி ஒரு மலைக்கோயிலுக்குப் போனோம். முழுப் பூதான். ஊரே வந்திருந்தது. முத்திரை எழுதித் தரும் ஜன்னலில் என்னை வரிசையில் நிறுத்திவிட்டு அம்மா பெரிய மரத்தடிக்குப் போனாள். இருபது நிமிடத்தில் எட்டுப் பேர் நகர்ந்தார்கள், எனக்கு முன்னால் இன்னும் முப்பத்தொன்பது பேர், அதாவது தொண்ணூற்றேழரை நிமிடம். நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அம்மா என் கையில் ஏட்டைப் பார்த்து, "ஆச்சா?" என்றாள், "ஆச்சு" என்றேன். திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் அவள் கழிப்பறைக்குப் போன நேரத்தில், அங்கே பயணிகளுக்காக மேசைமேல் வைத்திருக்கும் ரப்பர் முத்திரையை எடுத்து ஏப்ரல் பக்கத்தில் நானே குத்தினேன். சகுரா மரமும் அதே கோயில் கோபுரமும் அதில் இருந்தன, தேதிக்கு இடம் இருந்தது, வரிசை இல்லை, இதில் என்ன வித்தியாசம் என்று நிஜமாகவே நினைத்தேன். லிஃப்டைப் பார்த்து முடித்ததும் பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிற பழக்கத்தில் கீழே பேனாவால் ஏதோ எழுதி மூடி வைத்தேன். மே மாதக் கோயிலில் இருந்த பெண்மணி அடுத்த பக்கத்தைத் திறந்து எழுதிக் கொடுத்துவிட்டாள், பின்னால் புரட்டவில்லை.

ஜூன் கோயிலில் புரட்டினார்கள். மழை, நீலக் கொத்துக் கொத்தாக அஜிசாய்ப் பூ, குடைகளின் வரிசை. மூக்குக்கண்ணாடி போட்ட குருக்கள் தூரிகையை மையில் தோய்த்துவிட்டு ஏட்டைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். "இதைக் குத்தினது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "இது ரயில்வே ஸ்டேஷன் முத்திரை." தெரியும், மை கூடப் பரவவில்லை பாருங்கள் என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் குடை பிடித்திருந்த யாரோ ஒரு பெண்மணி, "ஐயையோ, மனுஷன் பிளாட்பாரத்தையே கும்பிட்டுட்டு வந்திருக்காரு" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தாள். குருக்கள் தூரிகையை வைத்துவிட்டு, "புத்தர் திருநாமம் எழுதற ஏடுங்க இது, நோட்டுப் புத்தகம் இல்ல. நான் இதுல எழுத மாட்டேன், தனித்தாள்ல தரேன், வீட்ல போய் ஒட்டிக்குங்க" என்றார். அம்மா அந்த ஏட்டைப் படக்கென்று மூடிப் பைக்குள் போட்டாள், அந்தப் பக்கத்தை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. ரயிலில் நான்காவது நிலையத்தில், "ஆச்சுன்னு சொன்னீங்களே" என்றாள். பிறகு, "அவ வரமாட்டா" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். லிஃப்ட் கம்பி அறுந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனாலும் குருக்கள் தந்த தனித்தாளை ஜூன் பக்கத்தில் ஒட்டினேன், போவதையும் நிறுத்தவில்லை. ஜூலையில் தாமரை விடிந்ததும் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும் என்பதால் முதல் ரயிலில் போனோம், அப்பப்பா, குளம் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்கிறது, ஒரு பூ எத்தனை நிமிடத்தில் விரிகிறது என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன், அம்மாதான் இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கோயிலின் இளம் குருக்கள் நம் ஏப்ரல் பக்கத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்து, "எங்க முத்திரையை விட இது நல்லா விழுந்திருக்கே" என்று அடுத்த பக்கத்தில் எழுதியே கொடுத்தார். எழுதுவதும் எழுதாததும் அவரவர் இஷ்டமாம். செப்டம்பரில் வயல் வரப்பு முழுக்கச் சிவப்பு ஹிகான்பனா, இலையே இல்லாமல் வெறும் தண்டின்மேல் பூ, அதன் அமைப்பைப் பற்றித் தனியாக நான்கு பக்கம் எழுதலாம், எழுதுவேன்.

எல்லாம் சரி, ஏப்ரல் பக்கம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் செவ்வந்தி பார்த்து வந்த மறுவாரம் அம்மாவிடம் சொல்லாமல் விடுப்பு எடுத்து அந்த மலைக்கோயிலுக்குத் தனியாகப் போனேன். வரிசை இல்லை. ஒரு பூ இல்லை, சகுரா இலை சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் இருந்த பெண்மணியிடம் தனித்தாளில் ஏப்ரல் நான்கு என்று தேதி போட்டு எழுதித் தாருங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பூ இருக்கறப்ப எங்க சார் போனீங்க? வந்த நாளைத்தான் போடுவேன்" என்று நவம்பர் தேதியே போட்டுக் கொடுத்தார். பரவாயில்லை, கோயில் முத்திரை கோயில் முத்திரைதான், அதை ஸ்டேஷன் முத்திரைமேல் ஒட்டிவிட்டால் ஒரு பக்கமும் குறையாது, நீ வந்தாக வேண்டும். பசை டப்பாவும் அளவுகோலும் எடுத்துச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். அம்மா முள்ளங்கி நறுக்குவதை விட்டுக் கை துடைத்துக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தை முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தாள். கீழே அவள் பெயரைப் போட்டு நான் எழுதியிருந்தது இது: ஏப்ரல் 4. முழுப் பூ. காற்று இல்லை. சனாயே மரத்தடியில் இருபது நிமிடம், வாய் திறந்தபடி. கோளாறு எதுவும் இல்லை.

"இருபது நிமிஷமும் என்னையா பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். வரிசை நகரவில்லை, வேறு எதைப் பார்ப்பது என்றேன். கைத்துணியால் முதுகில் ஒன்று போட்டாள், வலிக்கத்தான் செய்தது. பிறகு பசை டப்பாவை எடுத்துத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இதுமேல எதையாவது ஒட்டினீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். முள்ளங்கி நறுக்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்கவில்லை.

ஆகவே உன் விதிப்படி ஒரு பக்கம் குறைவு, நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். டிசம்பர் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது, மாதக் கடைசியில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கோயிலில் நார்சிசஸ் பூக்கும், இருபத்தெட்டாம் தேதி என்று கணக்கு சொல்கிறது, ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம்.

கம்பளிக் காலுறை இரண்டு போட்டுக்கொள், மீன் ஆராய்ச்சி என்று சாப்பாட்டை மறக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த வேலை கைகூட வேண்டும், அம்மாவும் நானும் தினமும் அதைத்தான் வேண்டுகிறோம், நான் வேண்டுவது புதிது என்பதால் கூடுதல் பலன் இருக்கலாம்.

அந்த நவம்பர் தாளை இந்தக் கடிதத்துக்குள் மடிக்காமல் வைத்திருக்கிறேன், பத்திரம். தாள் உன்னிடம் இருக்கிறது, ஏடு என்னிடம் இருக்கிறது, பசை அம்மாவிடம் இருக்கிறது. ஒட்டுவதா வேண்டாமா என்று வந்து சொல்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்ட உன் அப்பா,
கன்பே தெட்சுரோ