பலகையில் உன் கையெழுத்து

இன்று காலை ஸ்டாஃப் ரூமில் புது சாக்பீஸ் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். அந்த வாசத்தில் நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது என்று எழுதத்தான் ஆசை. அப்படி ஒன்றும் இல்லை. வாசம் வந்தது, அவ்வளவுதான். நீ போனதிலிருந்து எனக்கு எல்லாமே இப்படித்தான், மரத்துப்போன காலோடு நடப்பதுபோல.

உன் மூன்றாம் வகுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. ரெபேக்காவும்தான்.

ஆட்டிசம் உள்ள அந்தப் பிள்ளையோடு ஆரம்பத்தில் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். கரும்பலகையில் எழுத்தைக் கண்டால் அவளால் உட்கார முடியாது. ஓடிவந்து உள்ளங்கையாலேயே அழித்துவிடுவாள். மற்றப் பிள்ளைகளின் நோட்டில் பாதி வாக்கியம்தான் இருக்கும். பழங்காநத்தத்திலிருந்து ஓர் அம்மா வந்து, "எம்புட்டு நாளைக்கு மிஸ் இப்படி? எம்பிள்ள எதையும் முழுசா எழுதிட்டு வர மாட்டேங்குது" என்றார். காலாண்டுத் தேர்வுக்குள் இது நிற்காவிட்டால் வேறு பள்ளி பார்க்கச் சொல்லிவிடலாம் என்று தலைமையாசிரியை சொன்னார்.

நானும் என் பங்குக்கு, "அழிக்கக் கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லேன்டி" என்றேன்.

"கூடாதுன்னு சொன்னா அவளுக்கு ஒண்ணும் புரியாதுடி. எப்ப அழிக்கலாம்னு சொல்லணும்" என்றாய்.

டஸ்டரை அவளிடமே கொடுத்தாய். மேசைமேல் உன் கை கவிழ்ந்திருந்தால் பொறுக்க வேண்டும். திருப்பி உள்ளங்கையைக் காட்டினால் வந்து அழிக்கலாம். முதலில் ஒரே ஒரு சொல் எழுதி உடனே கையைத் திருப்பினாய். பிறகு ஒரு வரி. "இந்த வேகத்துல போனா பாடம் முடிய பொங்கல் வந்துரும்" என்று கிண்டல் செய்தேன். "வரட்டும், அலங்காநல்லூர் போயிட்டு வந்து மிச்சத்த நடத்துறேன்" என்றாய். கடைசியில் அவள் ஒரு முழுப் பாடத்துக்கும் உன் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வேறு பள்ளிப் பேச்சு அத்தோடு நின்றது.

நீ கடைசியாகப் பாடம் எடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. நீ எழுதிய வீட்டுப்பாடம் பலகையில் அழியாமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை உனக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது.

உன் அடக்கம் முடிந்து பள்ளி திறந்த அன்று வகுப்புக்குள் போனேன். உன் சாய்ந்த கையெழுத்தைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெபேக்கா டஸ்டரை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. மேசைமேல் கவிழ்ந்திருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பலகை அப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்கு ஆசை. அன்று வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கையைத் திருப்பினேன்.

மூலை மிச்சமில்லாமல் அழித்தாள். முன்வரிசைப் பையன் அழுதுகொண்டே, "மிஸ் எழுதுனத அழிச்சிட்டா" என்றான்.

"நான்தான் அழிக்கச் சொன்னேன்" என்றேன்.

இப்போது அந்தப் பலகையில் என் எழுத்து. தினமும் பாடம் முடியும்வரை கையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அவளும் பொறுத்திருக்கிறாள். உன்னிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான். எனக்குத்தான் இன்னும் அழுகை வரவில்லை. எப்போது அழலாம் என்று எனக்குச் சொல்ல நீ இல்லை.